இணைப்பு முதலில், மூடுவது பிறகு

அரசாங்கக் கஜானா வறண்டு போயிருந்த வருடம் அது. ஊழியர்களின் சம்பளம் மாதாமாதம் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரிகளில் மருந்து அலமாரிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பெட்ரோலுக்கு நின்ற வரிசை தெருமுனை தாண்டி வளைந்து அடுத்த தெருவுக்குள் போனது. கடைசியில் வெளிநாட்டுக் கடன் வங்கி ஒன்று கைகொடுக்க வந்தது. கொடுத்த கையோடு நிபந்தனைகளையும் நீட்டியது. அதில் ஒரு கத்தை நேராக நகரக் குடிநீர் வாரியத்தின் தலையில் வந்து விழுந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் மீட்டர் வைக்க வேண்டும். வரவு செலவை ஊரறிய வெளியிட வேண்டும். வாரியத் தலைமையை அமைச்சர் நினைத்த நேரத்தில் தூக்கியடிக்கக் கூடாது. காசில்லாமல் தண்ணீர் கொடுக்கும் தெருக்குழாய்களை வருடம் முடிவதற்குள் மூட வேண்டும்.

அப்போதிருந்த தலைமைப் பொறியாளர் இதைப் படித்த கையோடு நெஞ்சுவலி என்று நீண்ட விடுப்பில் போய்விட்டார். அடுத்த இடத்திலிருந்தவர் வெளியூரில் இருக்கும் மகளுக்குத் துணைக்குப் போக வேண்டும் என்றார். அதற்கடுத்தவருக்குத் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது. நாற்காலி சுழன்றபடி காலியாகக் கிடந்தது. பிறகுதான் பம்ப் பராமரிப்புப் பிரிவிலிருந்த ஒருத்தியின் நினைவு மேலிடத்துக்கு வந்தது. காரியம் கெட்டால் பழி போட ஒரு தலை வேண்டும் அல்லவா?

வாரியத்தில் அவளுக்குத் 'திருகாணி' என்று பட்டப்பெயர். ஒரு வேலையில் இறங்கினால் மேலும் மேலும் உள்ளேதான் போவாள், வெளியே வரமாட்டாள் என்று ஏதோ ஒரு ஃபிட்டர் வைத்தது. அவள் காதிலும் விழுந்திருக்கிறது. "திருகாணின்னா பரவாயில்ல, துருப்பிடிச்ச திருகாணின்னு சொல்லாம இருந்தாச் சரி" என்பாள். ஐம்பதை நெருங்கிய வயது, உரத்த குரல், எப்போதும் காலில் ரப்பர் பூட்ஸ். புது அறைக்கு வந்த முதல் நாளே சுழல் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு மர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னாள்.

நியமன உத்தரவு வந்த வாரம் தம்பி காலையிலேயே வீட்டுக்கு வந்தான். கையில் பெரிய பழக்கூடை. முகமெல்லாம் சிரிப்பு.

"என் அக்காதான் இனிமே இந்த ஊருக்கே தண்ணி காட்டப் போறா!" என்று வாசலிலேயே கத்தினான்.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் தலையைத் தூக்கினார். சிறிதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவர் அவர். "மெதுவாடா மாப்ள. தண்ணி காட்டுறதுன்னா வேற அர்த்தமும் இருக்கு" என்றார்.

தம்பி டேங்கர் லாரிகள் வைத்திருந்தான். ஒரு பழைய வண்டியில் தொடங்கியவன். இப்போது ஊரிலிருக்கும் லாரிக்காரர்கள் அவன் சொன்னால் கேட்பார்கள். அம்மாவை அவன்தான் தன் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தான். எப்போதும் அக்கா அக்கா என்று உயிரை விடுவான். அவளுக்கும் அவன்மேல் பாசம் ஒரு பிடி அதிகம்தான்.

டீயைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான். "ஏங்க்கா, மேட்டுல இருக்கிற தெருக்குழாயை எல்லாம் எப்ப மூடப் போறீங்க?"

"ஏன் கேக்குற?"

"தேதி தெரிஞ்சா இன்னும் ரெண்டு வண்டி எடுத்துப் போட்டுடுவேன். அப்புறம் அங்க எல்லாரும் எங்ககிட்டதானே வந்தாகணும்? கடன் குடுத்த மகராசன் நல்லா இருக்கணும், இத்தனை வருஷமா நாங்க கும்பிட்டும் நடக்காததை ஒரு கையெழுத்துல முடிச்சுட்டான்."

அவள் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

மேடு என்பது நகரத்தின் வடக்கு ஓரம். ஒரு காலத்தில் கல்லுடைத்த இடம். இப்போது தகரமும் செங்கலுமாக வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. வாரியத்தின் பெரிய குழாய் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே ஏறி, தெருக்குழாய்களில் மூச்சு வாங்கிக்கொண்டு சொட்டும். ஏனென்றால் அதே அடிவாரத்தில்தான் டேங்கர் லாரிகள் தண்ணீர் பிடிக்கும் இடமும் இருந்தது. லாரிகள் உறிஞ்சும் நேரமெல்லாம் மேட்டுக்கு ஏற வேண்டிய அழுத்தம் இறங்கிவிடும். அங்கே குழாய் வறண்டதும், அதே தண்ணீர் லாரியில் ஏறிப் போய்க் குடம் குடமாக விற்கப்படும். லாரி நிரப்பும் இடத்தில் மீட்டர் கிடையாது. எத்தனை வண்டி போகிறதென்று காவலாளி சொன்னதுதான் கணக்கு.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கடன் வங்கிக்காரன் கேட்பதும் தன் தம்பி கேட்பதும் ஒரே காரியம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒருவன் சிக்கனத்துக்காகக் கேட்கிறான், இன்னொருவன் லாபத்துக்காகக் கேட்கிறான். நடுவில் மேட்டுக்காரர்களுக்குத் தொண்டை காயப் போகிறது.

"தேதி இன்னும் முடிவாகல" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டாள்.

கடன் வங்கியின் பிரதிநிதி நெடுநெடுவென்று உயர்ந்த மனிதர். வெயிலில் சிவந்துபோகும் காதுகள். வாரிய அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஏசி வேலை செய்யாது. அவரும் புகார் சொன்னதில்லை. அவள் அவருடைய மொழியில் தட்டுத்தடுமாறாமல் பேசுவாள். தம்பி வந்துபோன அன்றே அந்த அறையில் நடந்த பேச்சை நம் பேச்சில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

"எல்லா நிபந்தனையும் எனக்குச் சம்மதம். ஒண்ணைத் தவிர" என்றாள். "மேட்டுத் தெருக்குழாயை இப்ப மூட மாட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பழைய ஃபைலைப் பார்த்தேன் மேடம். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் இப்படித்தான் எழுதினாங்க. ஏழைங்க பாவம், கொஞ்சம் பொறுங்கன்னு. இருபது வருஷமாப் பொறுத்தாச்சு. அந்த ஏழைங்க வீட்டுக்கு ஒரு அங்குலம் பைப் போச்சா? கெடு வைக்கலன்னா உங்க வாரியம் அசையாது."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை.

"கெடு வைங்க. வேண்டாங்கல. ஆனா மூடுறதுக்கு வைக்காதீங்க, இணைப்பு குடுக்கிறதுக்கு வைங்க. மேட்டுல ஒரு தெருவுக்கு வீட்டுக்கு வீடு பைப் போயி, மீட்டர் ஓடி, தண்ணி வந்த பிறகு அந்தத் தெருக்குழாயை நானே கழட்டுறேன். இணைப்பு முதல்ல, மூடுறது பிறகு. நீங்க சொல்ற மாதிரி முதல்ல மூடினா யார் சம்பாதிப்பாங்க தெரியுமா?"

"யாரு?"

"என் தம்பி."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். லாரி, காவலாளியின் கணக்கு, இறங்கும் அழுத்தம், காலையில் வந்த பழக்கூடை வரைக்கும். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். தலைமையகத்தில் இதை ஏற்கவைப்பது தனக்கு லேசான காரியமல்ல என்றார். அப்புறம் தன் பங்குக்கு இரண்டு கேட்டார். லாரி நிரப்பும் இடத்தில் முதல் மீட்டர் ஏற வேண்டும். அடுத்த மீட்டர்கள் அமைச்சர்கள், அதிகாரிகள் வீடுகளில்.

"மேட்டுக்காரங்ககிட்ட மட்டும் மீட்டர் வைச்சா அது சீர்திருத்தம் இல்ல மேடம், வேற பேரு அதுக்கு" என்றார்.

"அதுக்கெல்லாம் முன்னாடி என் வீட்டுல நாளைக்கே மாட்டுறேன்" என்றாள் அவள். மாட்டியும் விட்டாள். அவள் கணவர் ஒரு வாரம் பல் தேய்க்கும்போதுகூட ஓடிப்போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

லாரி நிரப்பும் இடத்தில் மீட்டர் வரப்போவதைத் தம்பி வீட்டுக்கு அவளே போய் முன்கூட்டிச் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாதே. அவன் முதலில் நம்பவில்லை, சிரித்தான். பிறகு கெஞ்சினான். பிறகு அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊர்ல இத்தனை பேர் இருக்க, உனக்கு முதல்ல மாட்ட இவன் கழுத்துதான் கிடைச்சுதா?" என்று மகளைக் கேட்டாள்.

"இவன் கழுத்தை விட்டுட்டு ஊரான் கழுத்துல மாட்டினா, என் வார்த்தையை எவன்மா கேப்பான்?"

அம்மா திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள். மகளைச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை.

மீட்டர் மாட்டும் நாளன்று லாரி நிரப்பும் இடத்தின் இரும்புக் கதவை மறித்து டேங்கர்கள் மூக்கும் வாலுமாக நின்றன. இஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. முன் வண்டியின் படியில் தம்பி. அவன் பின்னால் டிரைவர்களும் கிளீனர்களும். இந்தப் பக்கம் திருகாணியும் அவளுடைய ஃபிட்டர்களும், சாக்கில் சுற்றிய மீட்டரும். கூட வந்த போலீஸ் அதிகாரி அவள் காதோரம் குனிந்தார்.

"மேடம், ரெண்டு தட்டு தட்டினா ஓடிடுவானுங்க."

"கையை வைக்கக் கூடாது. இவங்க எல்லாம் வாரியத்தோட வாடிக்கையாளருங்க" என்று அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள். "வண்டியை எடுடா."

"எடுக்க முடியாதுக்கா. இந்த வண்டியை நம்பி இத்தனை குடும்பம் இருக்கு."

"மேட்டுல குடும்பம் இல்லையா?"

"அவங்களுக்கு வெயில்லயும் மழையிலயும் தண்ணி கொண்டுபோறது யாரு? உன் வாரியமா?"

"அவங்க குழாய்ல வர வேண்டிய தண்ணியை உறிஞ்சி அவங்களுக்கே விக்கிறீங்க. கொண்டுபோறேன்னு சொல்லாத."

தம்பிக்குப் பின்னாலிருந்து நரைத்த மீசை டிரைவர் ஒருவர் முன்னால் வந்தார். குரலில் சண்டை இல்லை. "எங்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கிறதைத் தவிர வேற பொழப்பு தெரியாதும்மா. நாங்க எங்க போறது?"

அவள் அந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. தம்பிக்குச் சொல்லப் பதில் இருந்தது, இவருக்கு இல்லை. வாரியத்தில் வேலை போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் புது ஆள் எடுக்கக் கூடாது என்பதும் அதே கத்தையில் ஒரு நிபந்தனை.

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்லண்ணே" என்றாள். "இல்லாத பதிலைச் சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். ஆனா மீட்டர் இன்னைக்கு ஏறியாகணும்."

சொல்லிவிட்டுத் தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டாள். சேற்றில் முட்டி போட்டாள். யாரும் என்ன ஏது என்று உணர்வதற்குள் முன் லாரியின் அடியில் நுழைந்து ஊர்ந்துபோகத் தொடங்கினாள்.

தம்பி ஒரு கணம் விறைத்து நின்றான். அடுத்த கணம் அவன் போட்ட சத்தம் அடிவாரம் முழுக்கக் கேட்டது. "டேய், இஞ்சினை நிறுத்துங்கடா! அக்கா அடியில இருக்கா! நிறுத்துங்கடா எல்லாரும்!"

ஒவ்வொன்றாக இஞ்சின்கள் அடங்கின. அந்த அமைதியில் ஃபிட்டர்கள் ஒருவர் பின் ஒருவராக அவள் போன வழியே ஊர்ந்தார்கள். மீட்டரைச் சாக்கோடு சேர்த்துத் தரையில் இழுத்துப் போனார்கள். முற்றத்து மூலையில் வால்வுக் குழி இருந்தது. உள்ளே முழங்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர். திருகாணியே முதலில் இறங்கினாள். வால்வை மூடி, பழைய குழாயில் ஒரு துண்டு வெட்டியெடுத்து, இடையில் மீட்டரை உட்காரவைத்தார்கள். கடைசி போல்ட்டை அவளே முறுக்கினாள்.

வெளியே வரும்போது வண்டிகள் விலகியிருந்தன. தம்பி மட்டும் நின்றான். உடம்பெல்லாம் சேறாக வந்த அக்காவை ஏற இறங்கப் பார்த்தான்.

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா அம்மா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? அது ஒண்ணுக்குத்தான் நிறுத்தினேன்" என்றான். "இனிமே எனக்கு அக்கா கிடையாது."

அவள் ஜீப்பில் ஏறிய பிறகு டிரைவரிடம் சுற்றுவழியில் போகச் சொன்னாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாமா என்று அவன் கேட்டதற்கு, வேண்டாம், சேறுதான், தானே காய்ந்துவிடும் என்றாள்.

மீட்டர் ஏறியதும் இரண்டு காரியம் நடந்தது. பிடிக்கும் தண்ணீருக்கு லாரிக்காரர்கள் உள்ளபடி காசு கட்ட வேண்டியதாயிற்று. மேட்டுக்கு அழுத்தம் தேவைப்படும் காலை நேரத்தில் லாரிகளுக்குத் தண்ணீர் கிடையாது என்றும் உத்தரவாயிற்று. மேட்டுத் தெருக்குழாய்கள் சொட்டுவதை விட்டுக் கம்பியாக ஊற்றத் தொடங்கின. அடிவாரத்திலிருந்து பெரிய குழாய் பதிக்கும் வேலையும் ஆரம்பமானது. பாறையை உடைக்க உடைக்க அடியில் இன்னொரு பாறை இருந்தது. ஒப்பந்தக்காரர் இரண்டு முறை கைவிட்டு ஓடப் பார்த்தார். இரண்டு முறையும் திருகாணி அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

நடுவில் தம்பியும் ஒரு ஒப்பந்தத்துக்கு விண்ணப்பித்திருந்தான். லாரிகளை வைத்துக்கொண்டு மண் அள்ளும் வேலை. எல்லோரையும்விடக் குறைந்த விலைதான் போட்டிருந்தான். அவள் அதை நிராகரித்தாள். தலைமைப் பொறியாளரின் நெருங்கிய சொந்தம் வாரிய வேலையை எடுக்கக் கூடாதென்று புது விதி. அந்த விதியை எழுதிக் கொடுத்ததே அவள்தான். அன்று அம்மாவிடமிருந்து போன் வந்தது. "வண்டியை ஓட விடாமலும் பண்ணின, பிழைக்க விடாமலும் பண்ணின. நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். நரைத்த மீசை டிரைவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகத் திருகாணி கேள்விப்பட்டாள். அவருடைய கிளீனர் அவள் ஜீப்பைக் கண்டால் ரோட்டில் காறித் துப்பினான். இதற்கெல்லாம் எந்த அறிக்கையிலும் இடமில்லை.

அமைச்சர் வீட்டில் மீட்டர் மாட்டிய பிறகுதான் மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் சேர்த்து வந்த பில் அவர் மேஜையில் விரித்துக் கிடந்தது.

"ஏம்மா, நான் உனக்குப் பதவி குடுத்தா நீ எனக்கு பில்லு குடுக்குறியா?" என்றார். "உன் உடம்புக்கு இந்த அலைச்சல் ஆகாது. பயிற்சிக் கல்லூரில நல்ல இடம் காலியா இருக்கு. நாளைக்கே போய்ச் சேர்ந்துக்க."

"தாராளமாப் போறேன் சார். காரணத்தை மட்டும் எழுத்துல குடுங்க. அதை வாரியம் வெளியிடணும், கடன் வங்கிக்கும் ஒரு பிரதி போகணும்."

"யாரு சொன்னது?"

"நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல இருக்கு சார்."

அமைச்சர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சுவரைப் பார்த்தார். "அதையெல்லாம் எவன்யா படிச்சான்!" என்று அமைச்சர் பில்லைத் தூக்கி எறிந்தார். அவள் குனிந்து அதைப் பொறுக்கி, மேஜைமேல் ஒழுங்காக வைத்துவிட்டு, கடைசித் தேதியையும் நினைவுபடுத்திவிட்டு வந்தாள்.

இணைப்புக்கு வைத்த கெடு நாள் வந்தபோது மேட்டில் பாதித் தெருக்களுக்குத்தான் இணைப்பு போயிருந்தது. பிரதிநிதி தலைமையகத்தோடு மல்லுக்கட்டி அவகாசம் வாங்கித் தந்தார். தனக்கு அதனால் கெட்ட பெயர்தான் என்று காதைத் தடவிக்கொண்டு சொன்னார். தண்ணீர் வந்த தெருக்களில் முதல் மாதம் திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் பில் வந்ததும் அதே ஜனங்கள் வாரியத்தின் முன்னால் வந்து கூச்சல் போட்டார்கள். அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பில்லையும் வாங்கிப் பார்த்தாள். தவறான பில்களைத் திருத்தினாள். சரியான பில்களுக்கு, லாரிக்குக் கொடுத்த காசையும் இதையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள் என்றாள். சிலர் பார்த்தார்கள். சிலர் அவளைத் திட்டிக்கொண்டே கட்டினார்கள். கட்டாதவர்களும் இருந்தார்கள். தெருக்குழாய்களைக் கழற்றியபோது மட்டும் சண்டை வரவில்லை. அவற்றின் அடியில் குடம் வைக்க யாரும் வராமல் நாளாகியிருந்தது.

மறு வருடம் ஒரு நாள் காலையில் புகார்ப் பிரிவில் ஒரே இரைச்சல். அவள் மாடியிலிருந்து இறங்கி எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்கு முன்னால் தம்பி.

"மீட்டரா இது? ரேஸ் குதிரை மாதிரி ஓடுது! வீட்ல நாலு பேரு, நாப்பது பேருக்கு பில் வந்திருக்கு!"

அவளைப் பார்த்ததும் நிறுத்தினான். ஆளே கொஞ்சம் இளைத்திருந்தான். லாரிகளில் பாதியை விற்றுவிட்டு, மீதியைக் கட்டட வேலைகளுக்கு ஓட்டுகிறான் என்று கணவர் மூலம் அவளுக்குத் தெரியும்.

"ஃபிட்டரை அனுப்புறேன். மீட்டர் தப்புன்னா பில்லை மாத்திக் குடுப்பாங்க" என்றாள்.

ஃபிட்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மீட்டர் சரியாக இருக்கிறது, நிலத்தடித் தொட்டியில்தான் விரிசல், தண்ணீர் இரவு பகலாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அதுவரை தம்பி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தான்.

"அப்ப பில்லைக் குறைக்க மாட்டே?"

"மாட்டேன்."

"தெரியும். தெரிஞ்சும் கேட்டேன் பாரு." தலையில் அடித்துக்கொண்டான். "தவணையாவது உண்டா?"

"எல்லாருக்கும் உண்டு. அந்த ஜன்னல். வரிசையில நில்லு."

போய் நின்றான். அவனுக்கு முன்னால் மேட்டிலிருந்து வந்த பெண்கள் சிலர் நின்றார்கள். அதில் ஒருத்தி அவனை அடையாளம் கண்டுகொண்டு, "என்ன லாரிக்காரரே, நீங்களும் எங்களோட க்யூவா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

திரும்பி, "தொட்டியை அடைக்க நல்ல ஆளா ஒருத்தனைச் சொல்லுக்கா" என்றான்.

'அக்கா' என்ற அந்தக் கடைசிச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளும் கவனிக்காததுபோல ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரும் எண்ணும் எழுதி அவன் சட்டைப்பையில் வைத்தாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் புதிதாகப் பதித்த குழாய், அழுத்தச் சோதனையில் இணைப்பு விட்டுப் பீய்ச்சி அடிக்கிறதாம்.

"வால்வை மூடுங்க. யாரும் குழிக்குள்ள இறங்க வேண்டாம், நான் வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பூட்ஸை இழுத்து மாட்டினாள். படிகளில் இறங்கி ஜீப்பை நோக்கி நடந்தாள்.